குல்மார்க்கில் பனி எப்போ விழும்? காஷ்மீர் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும். கிள்ளான், பந்திங், ஜெஞ்சாரோம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் காஷ்மீர் சுற்றுலா விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். வெள்ளை மலை, சிவப்பு ஜாக்கெட், கேபிள் கார். பகலெல்லாம் 32 டிகிரி வெயிலில் வேகும் நமக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே ஆசை வந்துவிடும்.

ஆனால், படத்தில் இருக்கும் பனி நீங்கள் போகும் தேதியில் அங்கே இருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் பதில். பனி இல்லாததால் 2025-இல் தேசிய அளவிலான குளிர்காலப் போட்டியையே தள்ளிவைத்த இடம் குல்மார்க். ஏன் இப்படி? போக நினைப்பவர்கள் எதையெல்லாம் கவனிக்கணும்?

குல்மார்க் எங்கே இருக்கிறது?

ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், பாரமுல்லா மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 2,650 மீட்டர். ஆங்கிலேயர் காலத்தில், 1927-லேயே இங்கு பனிச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளரான ஆரிஃப் கான், இந்தச் சரிவுகளில் பழகி வந்தவர்தான்.

இங்குள்ள கேபிள் காரை 'கொண்டோலா' என்பார்கள். அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் குல்மார்க்கில் இருந்து கோங்டூரி வரை, சுமார் 3,050 மீட்டர் உயரத்துக்கு. இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வாட் மலை வரை, சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கு. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

பனி எங்கிருந்து வருகிறது?

நமக்கு ஆண்டு இறுதியில் மழை தருவது வடகிழக்குப் பருவமழை. காஷ்மீருக்குக் குளிர்காலத்தில் பனி தருவது 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றழுத்த அமைப்பு. மத்தியத் தரைக்கடல் பகுதியில் உருவாகி, ஈரப்பதத்தைச் சுமந்துகொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும். இமயமலையில் மோதி மேலே எழும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டும்.

குளிர் மட்டும் இருந்தால் பனி விழாது என்பதுதான் இதில் முக்கியம். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாட்களை 'சில்லாய் கலான்' என்பார்கள். ஆண்டின் மிகக் கடுமையான குளிர் அப்போதுதான். ஆனால் அந்த 40 நாட்களில் வலுவான மேற்கத்திய இடையூறு ஒன்றுகூட வரவில்லை என்றால், குளிர் இருக்கும், வெயில் இருக்கும், பனி மட்டும் இருக்காது.

2024, 2025-இல் என்ன நடந்தது?

2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க்கின் புல்வெளி பழுப்பு நிறத்திலேயே கிடந்தது. அப்போது முன்னாள் முதலமைச்சராக இருந்த ஓமர் அப்துல்லா, முந்தைய ஆண்டுகளில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுச் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். குளிர்காலத்தில் குல்மார்க்கை இவ்வளவு வறட்சியாகப் பார்த்ததில்லை என்றும், பனி சீக்கிரம் விழாவிட்டால் கோடை மோசமாக இருக்கும் என்றும் அதில் கவலைப்பட்டிருந்தார். ஜனவரி கடைசியில்தான் பனி வந்தது. கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி பிப்ரவரி 21 முதல் 25 வரை நடந்தது.

அடுத்த குளிர்காலம் வேறு மாதிரி ஏமாற்றியது. 2024 டிசம்பர் 27, 28-இல் காஷ்மீரில் கடும் பனி. ஸ்ரீநகரில் விமானங்கள் ரத்தாயின, பயணிகள் வழியில் சிக்கிக்கொண்டார்கள். "இந்த ஆண்டு கவலையில்லை" என்று நினைக்கும்போது ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டு போயின. 2025 பிப்ரவரி 22-இல் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா போட்டி தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தது.

ஆக, டிசம்பரில் பனி கொட்டினால் பிப்ரவரியிலும் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

பனி விழாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

நமக்குப் போவது ஒரு விடுமுறை. அங்குள்ளவர்களுக்குப் போவது ஒரு பருவத்தின் வருமானம். பனிச்சறுக்குப் பயிற்றுநர்கள், வழிகாட்டிகள், ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள், பூட்ஸும் கோட்டும் வாடகைக்கு விடுபவர்கள் எல்லோரும் சில வாரங்களில் சம்பாதித்து ஆண்டை ஓட்டுபவர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். மலையில் சேரும் பனிதான் வசந்தத்திலும் கோடையிலும் மெதுவாக உருகி ஜீலம் ஆற்றுக்கும், நெல் வயலுக்கும், ஆப்பிள் தோட்டத்துக்கும் போகிறது. டிசம்பர், ஜனவரிப் பனி இறுகி நீண்ட நாள் நிற்கும். மார்ச்சில் விழும் பனி, வெயில் ஏறுவதால் சீக்கிரம் உருகி ஓடிவிடும். அதனால் 'லேட்டா வந்தாலும் வந்துடுச்சே' என்று விவசாயிகளால் நிம்மதியாக இருக்க முடியாது. 2025 பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தின் புகழ்பெற்ற அச்சபல் நீரூற்றே வற்றிப்போனது.

செயற்கைப் பனி போட முடியாதா?

முடியும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் ஏறக்குறைய முழுவதும் செயற்கைப் பனியில்தான் நடந்தது. ஆனால் அதற்கு நிறைய தண்ணீர், மின்சாரம், உறைநிலைக்குக் கீழான குளிர் வேண்டும். குல்மார்க் இன்னமும் பெரும்பாலும் இயற்கைப் பனியையே நம்பியிருக்கிறது.

கொண்டோலாவில் ஏன் இவ்வளவு கூட்டம்?

2023-இல் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் கொண்டோலாவில் ஏறினார்கள். பனி குறைந்தால் கூட்டமும் குறையும் என்று நினைக்காதீர்கள். கீழே புல்வெளியில் பனி இல்லாதபோது, எல்லோருக்கும் அஃபர்வாட் மேலேதான் போகணும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். அதனால் கீழே உருகினாலும் மேலே கொஞ்சம் மிஞ்சியிருக்கும். விளைவு, இரண்டாம் கட்ட டிக்கெட்டுக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். பலத்த காற்று அடித்தால் முதலில் நிறுத்தப்படுவதும் அதே இரண்டாம் கட்டம்தான்.

பனி கொட்டும் நாளில் சிக்கல் வேறு. தங்மார்க்கில் இருந்து குல்மார்க் வரையுள்ள 13 கிலோமீட்டர் மலைப்பாதையில், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வாகனம் அல்லது நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் மட்டுமே போக முடியும். எல்லோரும் காத்திருந்த நாளில்தான் மேலே போய்ச் சேருவது மிகவும் சிரமம்.

பனி விழுந்த மறுநாளே சறுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் விழுந்த மெல்லிய பனி, வறண்ட குளிரில் நாள் கணக்கில் கிடந்தால் சீனி போல உதிரியாகிவிடும். அதன்மேல் திடீரென்று கனமான புதுப் பனி விழுந்தால் ஒட்டாது. ஒருவர் மிதித்தாலே மேல் அடுக்கு மொத்தமாகச் சரியலாம். இதுதான் பனிச்சரிவு. நீண்ட காத்திருப்புக்குப் பின் வரும் பெரிய பனி, இதனால்தான் ஆபத்தானது.

குல்மார்க்கில் 2023 பிப்ரவரி 1-இல் நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22-இல் நடந்ததில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் உயிரிழந்தார்கள். குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகாதீர்கள். மூடிவிட்டோம் என்று சொன்னால் வாதாட வேண்டாம்.

அப்போ எப்போதான் போறது?

பனியைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்தால் போதும் என்றால் டிசம்பர் கடைசி ஒரு முயற்சி, அவ்வளவுதான். பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளணும் என்றால் ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை வாய்ப்பு கூடுதல். நம் நாட்டில் சீனப் புத்தாண்டு விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான் வரும். ஜெஞ்சாரோமில் டோங் சென் கோயில் விளக்குகளைப் பார்க்கக் கூட்டம் குவியும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதுவும் உத்தரவாதம் இல்லை என்பதற்கு 2025 சாட்சி.

பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் இவற்றைக் கேளுங்கள்:

• கொண்டோலா டிக்கெட் பேக்கேஜில் சேர்த்தியா? எந்தக் கட்டம் வரை? முன்கூட்டியே பதிவு செய்வார்களா?
• இரண்டாம் கட்டம் மூடப்பட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?
• பனியால் விமானம் ரத்தானால் கூடுதல் இரவுத் தங்கலுக்கு யார் செலவு? பயணக் காப்புறுதி அதை ஏற்குமா?
• நிறுவனத்துக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா?

2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட தாக்குதலுக்குப் பின், காஷ்மீரின் பல சுற்றுலாத் தலங்கள் சில காலம் மூடப்பட்டன. எனவே விஸ்மா புத்ராவின் பயண ஆலோசனையையும் பார்த்துவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, இந்திய வானிலை ஆய்வு மையத்தின் ஸ்ரீநகர் முன்னறிவிப்பில் மேற்கத்திய இடையூறு வருகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஸ்ரீநகரில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். பனி தாமதமானாலும் சரி, பனியால் பாதை அடைபட்டாலும் சரி, அந்த ஒரு நாள் கை கொடுக்கும்.