குத்துச்சண்டை விதிகளும் மூளைக் காயமும்: ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு விதிகளின் வரலாற்றை மனிதாபிமானத்தின் வளர்ச்சியாகக் காண்பது பொதுவழக்கு. முரட்டுத்தனம் படிப்படியாகக் குறைந்தது, வீரரின் உடல் பாதுகாக்கப்பட்டது என்றே நாம் பெரிதும் கேட்டு வந்துள்ளோம். குத்துச்சண்டையைச் சான்றாகக் கொண்டு ஆராயுமிடத்து இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும். விதிகள் யாரைக் காத்தன, எதனைக் காத்தன என்பனவே ஈண்டு நாம் எழுப்பும் வினாக்களாகும்.

1867 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான குயீன்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. மூன்று நிமிடச் சுற்றையும் ஒரு நிமிட ஓய்வையும் வகுத்தன. வீழ்ந்தவர் எழுவதற்குப் பத்து விநாடி அவகாசம் அளித்தன. வெறுங்கையால் மண்டையோட்டைத் தாக்குபவர் தமது விரலெலும்பு முறியுமென அஞ்சவேண்டியிருந்தது. அவ்வச்சமே தலைமீதான தாக்குதலுக்கு ஓரளவு தடையாயிற்று. கையுறை அத்தடையைத் தளர்த்திற்று. முகத்திற் குருதி குறைந்தது. மண்டையோட்டினுள் மூளை அதிர்வது நிற்கவில்லை. குத்துபவரின் கைக்குப் பாதுகாப்பும் காட்சிக்கு நாகரிகத் தோற்றமும் கிடைத்தன. அடிவாங்கியவரின் மூளைக்குக் காப்பு எதுவும் கிடைக்கவில்லை.

இப்பாதிப்பை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் நியூ ஜேர்சி மாநிலத்து நோயியலாளர் ஹரிசன் மார்ட்லன்ட். தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, நடுங்கும் கை, மழுங்கும் அறிவு ஆகியவற்றைக் கண்டு, அடிபட்டு வெறிகொண்டவன் என்ற பொருளில் சண்டையரங்க வட்டாரம் வழங்கிய கேலிச்சொல்லையே 1928 இல் தமது கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய இளம் பெண்களைப் பீடித்த நோய்க்கு அவர்களது தொழிலே காரணமென 1925 இல் நிறுவியவரும் இவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. அப்பெண்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928 இல் இழப்பீட்டுடன் முடிவுற்றது. ஒரே மருத்துவர், ஒரே மாநிலம். இரண்டும் தொழிலால் விளைந்த நோய்கள். எனினும் தொழிற்சாலையில் நேர்ந்தது வழக்காயிற்று; அரங்கில் நேர்ந்தது 'விளையாட்டு' என்ற பெயரால் மறைந்தது.

அறிவு போதாமையால் இந்நிலை நீடித்ததெனக் கொள்வதற்கில்லை. 1969 இல் றொபேட்ஸ் என்பார் இலண்டன் றோயல் மருத்துவர் கல்லூரிக்காக 224 முன்னாள் தொழின்முறை வீரரைப் பரிசோதித்து, 37 பேரிடம், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவரிடம், நரம்பியற் பாதிப்பைக் கண்டார். 1973 இல் கோர்செலிசும் அவர்தம் குழுவினரும் இறந்த வீரர் பதினைவரின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றின் சிதைவை விவரித்தனர். ஆயினும் பதினைந்து சுற்றுப் போட்டிகள் தொடர்ந்தன. 1982 நவம்பரில் லாஸ் வேகாசில் நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியின் பதினான்காம் சுற்றில் வீழ்ந்த தென் கொரிய வீரர் கிம் டுக் கூ சில நாள்களில் உயிர்நீத்த பின்னரே, உலகக் குத்துச்சண்டைச் சபை சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது. தொலைக்காட்சியில் உலகம் கண்ட மரணம் விதியை மாற்றிற்று. வறிய இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்த மெல்லிய அழிவு மாற்றவில்லை.

இப்போக்கு குத்துச்சண்டைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் மைக் வெப்ஸ்ரர் 2002 இல் இறந்தபின், அவரது மூளையில் தொடரடியால் விளைந்த சிதைவைப் பெனற் ஒமாலு கண்டறிந்தார். 2005 இல் வெளியான அவரது கட்டுரையை மீளப்பெறுமாறு தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் மருத்துவக் குழுவினரே கோரினர். பின்னர் வீரர்கள் வழக்காடிப் பெற்ற இழப்பீட்டு உடன்பாடு 2015 இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. அதன் நடைமுறையிலோ, கறுப்பின வீரரின் இயல்பான அறிவாற்றல் குறைந்ததென்ற கணிப்பு இடம்பெற்றது. இதனால் அவர்கள் தம் பாதிப்பை நிறுவுவது கடினமாயிற்று. கடும் எதிர்ப்பெழுந்த பின்னர், 2021 இலேயே அதனைக் கைவிடச் சங்கம் இணங்கியது.

வீரர் தாமாக விரும்பியே களமிறங்குகின்றார் என்பது அரங்க உரிமையாளரின் வாதம். சுரங்கத் தொழிலாளியைப் பற்றியும் ஒருகாலத்தில் இவ்வாறே கூறப்பட்டது. வறுமையிலிருந்தும் இன ஒதுக்கலிலிருந்தும் வெளியேற வேறு வழி காணாதவரின் விருப்பத்தை முழுச் சுதந்திரமெனல் பொருந்தாது. எனவே கையுறையையும் தலைக்கவசத்தையும் பற்றிய விவாதத்தோடு நாம் அமைதல் இயலாது. பயிற்சிக் களத்தில் வாங்கும் அடிக்கு வரையறை, போட்டி நடத்துவோரைச் சாராத மருத்துவர், களம் நீங்கியபின் வெளிப்படும் நோய்க்கும் இழப்பீடு ஆகியன தொழிலாளர் உரிமைகளாகவே கோரப்படல் வேண்டும். விளையாடுபவரும் உழைப்பவரே என ஏற்கும்போதுதான் விதிகள் அவரைக் காக்கத் தொடங்கும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபாகும்.