போரின் நீண்டகாலச் சமூக விளைவுகள்: தமிழ்நாட்டில் ஈழ அகதிகள்

இலங்கை உள்நாட்டுப் போருக்குத் தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் குடும்பம், தொழில், அக்கம்பக்க உறவு ஆகியவற்றில் அப்போர் விட்டுச்சென்ற பாதிப்புகள் இரண்டாம், மூன்றாம் தலைமுறையிலும் தொடர்கின்றன. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியில் உள்ள மறுவாழ்வு முகாம், இம்மக்கள் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுள் ஒன்று.

வருகை

1983 சூலையில் இலங்கைத் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின்னும், 1990, 1995, 2006 ஆகிய ஆண்டுகளில் போர் மீண்டும் மூண்டபோதும் மக்கள் அலையலையாக வந்தனர். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததில் பலர் ஊர் திரும்பினர். 2021இல் முகாம்களில் சுமார் 58,000 பேரும் வெளியே சுமார் 34,000 பேரும் இருந்தனர்.

குடும்பமும் சமூகமும்

உலகில் போர் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு உளநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. தனிமனிதரோடு அப்பாதிப்பு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் ‘கூட்டு மனவடு’ என விளக்கினார்: அயலவர்மீது ஐயம், வாய்திறவாமை, பிறரைச் சார்ந்தே வாழும் பழக்கம் ஆகியவை ஊருக்கே பொதுவாகிவிடுகின்றன. போரில் காணாமல் போனவரின் வீட்டில் துயரம் முடிவதே இல்லை. அவர் இருக்கிறாரா என்று தெரியாதபோது எட்டுச்செலவு, அந்தியேட்டி போன்ற இறப்புச் சடங்குகளைச் செய்வதா வேண்டாமா என்று குடும்பம் தவிக்கிறது.

முகாம் வாழ்க்கை

பழைய முகாம்கள் பலவற்றில் பத்துக்குப் பத்து அடி அறையே வீடாக இருந்தது. பெற்றோரும் மணமான பிள்ளைகளும் அதற்குள்தான் குடியிருந்தனர். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் கண்காணிப்பு இறுகியது. ஆள்சரிபார்ப்புக்கு நேரில் வந்து நிற்க வேண்டியிருப்பதால் வெளியூரில் தங்கி வேலை பார்ப்பது கடினம். படித்த இளைஞர்கள்கூடப் பெயிண்ட் அடிக்கும் தினக்கூலி வேலைக்குப் போகின்றனர். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அரசு வேலை எட்டாதது.

மறுவாழ்வு நடவடிக்கைகள்

1984இல் சா. செ. சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியிலும் உளவளத்துணையிலும் பணியாற்றிவருகிறது. தமிழ்நாடு அரசு 2021இல் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 புதிய வீடுகள் கட்டவும் குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடையை 1,500 ரூபாயாக உயர்த்தவும் முடிவு செய்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது.

சட்டநிலை

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் இடம்பெறவில்லை. 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025இல் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. இவ்விலக்கு குடியுரிமை ஆகாது. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் நிலையான சட்டநிலை கிடைக்கும்வரை போரின் பாதிப்பு முழுமையாக நீங்காது.