முள்ளும் ரப்பர் பாலும்



செந்துறைக்கு வந்த பேரனின் மலை சைக்கிள் டயரில் சீமைக்கருவேல முள் குத்தியது. ஆனால் காற்று இறங்கவில்லை. "உள்ளே டியூபே கிடையாது தாத்தா, ரப்பர் பால்தான்" என்றான். ஓட்டை விழுந்ததும் காற்றே பாலை அங்கே தள்ளுகிறது. பால் உறைந்து அடைத்துவிடுகிறது. சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் மறுபடி ஊற்ற வேண்டுமாம்.

1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். அந்த வகை டயர் சக்கரத்தோடு ஒட்டியே இருந்ததால் பஞ்சர் பார்க்க மணிக்கணக்கானது. 1891-இல் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். நம் சைக்கிள் கடைகளில் டியூபை உருவி, தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டியதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

2005-06-இல் இலவச சைக்கிள் எல்லா மேல்நிலை மாணவர்களுக்கும் விரிந்தது. அதன்பின் ஒருநாள் ஒரு மாணவி தாமதமாக வந்தாள். காரணம் கேட்காமல் வெளியே நிறுத்தினேன். மணி அடித்த பிறகுதான் அவள் சைக்கிளைப் பார்த்தேன். டயர் தரையோடு படிந்திருந்தது. அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படித்தால், அம்மா, தவறு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்