டிஷ் எங்கட, வானம் ஆரின்ர?

1975 இல் இலங்கையில் ஒரு தொலைக்காட்சி நிலையம்கூட இல்லை. ஐ.ரி.என் தொடங்கினது 1979 ஏப்ரலில், ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். ஆனா 1975 இலேயே கொழும்பில் ஒரு வீட்டில ரிவி ஓடிச்சுது. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் வீடு அது. இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் பொறியியலாளர்கள் வந்து பெரிய டிஷ் ஒன்றைப் பூட்டிக் குடுத்திருந்தார்கள்.

ஏன் அவருக்கு? 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒரு செய்மதிக்கு ஒரு சுற்று முடிக்க ஒரு நாள் எடுக்கும். பூமியும் அதே வேகத்தில் சுழலுறதால, கீழே நிண்டு பார்க்கிற எங்களுக்கு அது ஒரே இடத்தில நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அப்படி மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்பது அவர் சொன்ன யோசனை. இண்டைக்கு எங்கட கூரையில இருக்கிற டிஷ்ஷை ஒருக்கால் திருப்பிப் பூட்டினால் பிறகு தொடத் தேவையில்லாமல் இருக்கிறதும் இதனாலதான்.

கிளார்க் வீட்டு டிஷ் பிடித்தது ‘சைற்’ என்ற இந்தியப் பரிசோதனையின் நிகழ்ச்சிகளை. நாசாவின் ஏரிஎஸ்-6 செய்மதியை இந்தியா ஒரு வருசத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், பள்ளிப்பாடம் எண்டு நிகழ்ச்சிகளை அனுப்பியது. கிராமத்து டிஷ்கள் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற மாதிரிக் கம்பிவலையால் செய்தவை. 1976 யூலை 31 உடன் ஒப்பந்தம் முடிந்தது. அமெரிக்கா செய்மதியை நகர்த்திக்கொண்டு போனது. டிஷ் இருந்த இடத்திலயே இருந்தது, படம் மட்டும் இல்லை.

டிஷ்ஷின்ர வரலாறு முழுக்க இந்தக் கதைதான். கிண்ணம் உங்கட கையில, மேல இருக்கிறது வேற ஆரோ ஒருத்தரின்ர கையில.

கிண்ணம் செய்யிற வேலை சிம்பிள். ஓ/எல் கணக்கில வரைஞ்ச பரவளைவு ஞாபகம் இருக்குதா? அந்த வடிவத்தில ஒரு தட்டைச் செய்தால், தூரத்திலிருந்து வாற அலைகள் எல்லாம் தெறித்து ஒரே புள்ளியில் வந்து சேரும். அந்தப் புள்ளியில இருக்கிற சின்னப் பெட்டிதான் எல்என்பி. அது அந்த மெல்லிய அலையைப் பெருப்பித்து, வயரில போகக்கூடிய அதிர்வெண்ணுக்கு இறக்கி வீட்டுக்குள்ள அனுப்புது. விட்டம் இரண்டு மடங்கானால் பிடிக்கிற அலை நாலு மடங்கு. அதால, செய்மதி பலவீனமாக இருந்த காலத்தில டிஷ் பெரிசாக இருந்தது.

1976 இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பேராசிரியர் ரெய்லர் ஹவார்ட் தன்ர வீட்டில சொந்தமாக ஒரு டிஷ் அமைத்து எச்பிஓ பார்த்தார். பார்த்ததுக்குக் காசும் அனுப்பினார். கேபிள் கம்பனிகளோடு மட்டும்தான் வியாபாரம் எண்டு எச்பிஓ காசைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1979 இல் ஆடம்பரக் கடையான நீமன் மார்க்கஸ் தன்ர நத்தார் விற்பனைப் புத்தகத்தில் ஒரு வீட்டு டிஷ்ஷுக்குப் போட்ட விலை 36,500 டொலர். அதே வருசம் அங்க, டிஷ் வைக்க அனுமதிப்பத்திரம் கட்டாயம் எண்ட விதியும் போனது. பிறகு விலை மளமளவெண்டு இறங்க, கேபிள் போகாத நாட்டுப்புற வீடுகளின் முற்றமெல்லாம் பெரிய பெரிய டிஷ். வானத்திலிருந்து விழுந்த எல்லாத்தையும் சனம் இலவசமாகப் பார்த்தது.

1986 ஜனவரியில் எச்பிஓ தன்ர அலைவரிசையைப் பூட்டியது. பார்க்கிறதெண்டால் திறக்கிற பெட்டியும் வாங்கவேணும், மாதாமாதம் காசும் கட்டவேணும். ஏப்ரலில் புளோரிடாவில் டிஷ் விற்ற ஒருவர் ‘கப்டன் மிட்நைற்’ என்ற பெயரில் எச்பிஓவின் படத்தை மறைத்து, தன்ர எதிர்ப்பைச் சில நிமிசம் திரையில ஓட விட்டார். அவர் பிடிபட்டார். பூட்டு அப்படியே இருந்தது.

பிறகு டிஷ் சிறுத்தது. 1989 இல் ஐரோப்பாவில் அஸ்ட்ரா செய்மதிக்கு 60 சென்ரிமீற்றர் போதுமாக இருந்தது. 1994 இல் அமெரிக்காவில் டிரெக்ரிவி 45 சென்ரிமீற்றருக்கு வந்தது. செய்மதியின் வலு கூடினதும் கேயூ பாண்ட் என்ற உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மாறினதும்தான் காரணம். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்குது. சி பாண்ட் அலையின் நீளம் ஏறத்தாழ ஏழரை சென்ரிமீற்றர், மழை அதைப் பெரிசாகத் தொடாது. கேயூ பாண்ட் அலை இரண்டரை சென்ரிமீற்றர்தான், கன மழை அதைக் குடித்துவிடும். மழை இறுக்கிப் பெய்யேக்க படம் நிக்கிறது இதாலதான். எங்கட மாதிரி மழை நாடுகளில் ஒளிபரப்பு நிலையங்கள் பெரிய சி பாண்ட் டிஷ்களைக் கைவிடாததுக்கும் அது ஒரு காரணம்.

அப்ப டிஷ் ஒண்டு வாங்கப் போறியளெண்டால் விலையை முதல்ல கேக்காதேங்கோ. எந்தச் செய்மதி, அதின்ர வீச்சு எங்கட ஊருக்கு முழுசாக விழுதா, ஓரத்திலயா எண்டு கேளுங்கோ. ஓரமெண்டால் பெரிய கிண்ணம் வேணும். அந்தத் திசையில பனையோ தென்னையோ மறைக்குதா எண்டு பாருங்கோ. கம்பம் ஆடாமல் நிக்கவேணும். சின்ன டிஷ்கூட ஒண்டிரண்டு பாகை விலகினால் போதும், படம் போயிரும்.

கடைசியாக, முக்கியமான கேள்வி: சனல்கள் பூட்டியவையா, பூட்டாதவையா? இந்தியாவின்ர டிடி ஃப்ரீ டிஷ் 2004 இல் தொடங்கினது, அதுக்கு இண்டைக்கும் மாதக் காசு இல்லை. கட்டணச் சேவையின் பெட்டி அந்தக் கம்பனியின்ர சனலுக்கு மட்டும்தான். காசு நிண்டால் அது வெறும் பெட்டி. டிஷ் சிறுக்கச் சிறுக்கச் சாமானியன் வீட்டுக்கும் வானம் வந்தது உண்மை. அதோட திறப்பு கம்பனியின்ர கைக்குப் போனதும் உண்மை. யூரியூப்பும் நெட்பிளிக்ஸும் பார்க்கிற எங்களுக்கு டிஷ்ஷே பழங்கதையாக இருக்கலாம். ஆனா திறப்பு ஆரிட்ட இருக்குது எண்ட கேள்வி அங்கயும் அப்படியே இருக்குது.