அடியில் பெயர் இல்லாத கண்ணாடி

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். அது பாத்திரம் செய்தவர் பெயரல்ல, வாங்கியவர் பெயர் அல்லது சீர் கொடுத்தவர் பெயர். இது நமக்குத் தெரியும் என்பதால் குழப்பமில்லை. ஆனால் பழைய கலைக் கண்ணாடி என்று வந்துவிட்டால், எல்லோரும் முதலில் பொருளைக் கவிழ்த்துப் பெயரைத் தேடுகிறார்கள். பெயர் இருந்தால் விலை, இல்லாவிட்டால் பரண். இது எவ்வளவு தவறு என்பதற்கு லோட்ஸ் கண்ணாடியின் வரலாறு ஒன்றே போதும் என்பேன்.

இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி பொஹீமியா. அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே க்ளோஸ்டர்மூலே என்ற சிற்றூரில் 1836-இல் யோஹன் ஐஸ்னர் என்பவர் ஒரு கண்ணாடி ஆலையைத் தொடங்கினார். 1850-களின் தொடக்கத்தில் அது ஃப்ரான்ஸ் கெர்ஸ்ட்னர் என்ற வழக்கறிஞரும் அவர் மனைவி சுசன்னாவும் வாங்கியதாக ஆனது. சுசன்னாவுக்கு இது இரண்டாம் திருமணம். அவருடைய முதல் கணவர், கண்ணாடித் தொழில் செய்த யோஹன் லோட்ஸ், முன்பே இறந்துவிட்டார். 1855-இல் கெர்ஸ்ட்னரும் காலமானார்.

அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆலையை நடத்தி வளர்த்தவர் சுசன்னாதான். நிறுவனத்தின் பெயரோ 'யோஹன் லோட்ஸ் விட்வே', அதாவது யோஹன் லோட்ஸின் விதவை. (விட்வே, விதவை இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள்.) ஆலை குடும்பத்துக்கு வருமுன்பே இறந்தவருக்குப் பெயர் நிலைத்தது, உழைத்த பெண்மணி 'விதவை' என்ற ஒரு சொல்லில் அடங்கிப்போனார்.

1879-இல் ஆலை அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மாக்ஸ் ஃபான் ஸ்பௌன் கைக்கு வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவதெல்லாம் பெரும்பாலும் இவர் காலத்துப் பொருட்களைத்தான். சூடான கண்ணாடியின் மேல் கண்ணாடி இழைகளைச் சுற்றி, அலை அலையாக இழுத்துவிடுவார்கள். பிறகு உலோக உப்புகளின் ஆவி பட்டு, மயில் கழுத்துபோல் நிறம் மாறும் மினுமினுப்பு வரும். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த ஆலைக்கு மிக உயர்ந்த பரிசு கிடைத்தது.

இத்தனை புகழ் இருந்தும், லோட்ஸ் பொருட்களில் பெரும்பாலானவற்றின் அடியில் எந்தக் குறியும் கிடையாது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. அதனால் ஏற்றுமதியான சிலவற்றில் 'லோட்ஸ் ஆஸ்திரியா' என்று பொறித்தார்கள். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் அது 1918-க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த நாடே அப்போதுதான் பிறந்தது.

பின்னாளில் விலை ஏறியதும் போலிக் கையெழுத்துகள் புறப்பட்டன. பெயர் பொறிக்கச் சில நிமிடம் போதும். அதே பொஹீமியாவில் க்ராலிக், ரிண்ட்ஸ்கோப், பால்மே-கோனிக் போன்ற ஆலைகளும் இதே மினுமினுப்பில் செய்தன. அவற்றையும் லோட்ஸ் என்றே விற்றார்கள்.

அப்படியானால் அடையாளம் காண்பது எப்படி? இங்கேதான் காகிதம் கைகொடுத்தது. தையற்காரர் ரவிக்கைக்கு அளவுக் காகிதம் வெட்டி வைப்பதுபோல, இந்த ஆலையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் காகிதத்தில் மாதிரி வெட்டி, எண் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவை பிழைத்திருக்கின்றன. பெயரில்லாத ஒரு குவளையின் உருவமும் அளவும் அந்த மாதிரியோடு பொருந்தி, வேலைப்பாடும் ஒத்துப்போனால், கையெழுத்தைவிட அது நம்பகமான சான்று.

நம் வீட்டுப் பொருளுக்கும் பார்க்க வேண்டியது இந்த வரிசையில்தான். ஊதி முடித்த கண்ணாடியை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்திருந்தால், அடியின் நடுவில் ஒரு தழும்போ, அதைத் தேய்த்து மெருகேற்றிய குழியோ இருக்கும். இயந்திர அச்சில் அழுத்திச் செய்ததில் பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். பல வருடம் புழங்கியதன் அடியில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். ஒரே திசையில் ஒழுங்காக இருந்தால் யாரோ தேய்த்துப் பழமை ஏற்றியிருக்கலாம். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உடைந்த ஓரத்தை அரைத்துக் குட்டையாக்கியிருந்தால் மதிப்பு வெகுவாகக் குறையும்.

விலை விசாரிக்கும்போது, கேட்கிற விலையை விட்டுவிட்டு, அதேபோன்ற பொருள் ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். பெயரில்லை என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். பரிசு வாங்கிய ஆலையின் கண்ணாடியே பெயரில்லாமல்தான் உலகைச் சுற்றி வந்தது.