சொரியாசிஸ்: பாக்டீரியாக்களின் பங்கு

சொரியாசிஸ் (காளாஞ்சகப்படை) என்பது நோயெதிர்ப்பு மண்டலப் பிறழ்வால் தோல் செல்கள் மிகைவேகத்தில் பெருகிச் செதிலாகும் நாள்பட்ட அழற்சி நோய், தொற்றாது. மரபுவழிச் சார்பு உள்ளவர்களிடம் சில பாக்டீரியாக்கள் நோயைத் தூண்டுகின்றன அல்லது கூட்டுகின்றன.

இவற்றில் தெளிவாக அறியப்பட்டது தொண்டைத் தொற்று. ஸ்டிரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் பாக்டீரியா தொண்டையில் தொற்றி இரண்டு மூன்று வாரங்களில், பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், உடலெங்கும் துளித்துளியாகப் படைகள் தோன்றும். இத்தொடர்பை 1916-இல் வின்ஃபீல்டு பதிவு செய்தார். பாக்டீரியாவின் எம் புரதம் தோலின் கெரட்டின்-17 புரதத்தை ஒத்திருப்பதால், நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் தோலையே தாக்குவதாக விளக்கப்படுகிறது. எச்எல்ஏ-சி 06:02 மரபணு வகை உடையோரிடம் இத்துளிப்படை மிகுதி. எனினும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் படை குணமாகும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

படைகளில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவும் கூடுதலாகக் காணப்படுகிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-17 சுரப்பை அது கூட்டக்கூடும்.

குடலைப் பொறுத்தவரை சான்றுகள் சிதறலானவை. பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும் ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்னும் குடல் பாக்டீரியா நோயாளிகளிடம் குறைவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இது காரணமா விளைவா என்பது முடிவாகவில்லை. சொரியாசிஸோடு வரும் மூட்டழற்சிக்கு, மற்றொருவரின் மலநுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்கு மாற்றும் சிகிச்சையைச் சோதித்த டென்மார்க் ஆய்வில் (2021), அது போலிச் சிகிச்சையைவிடப் பின்தங்கியது.