2001: டர்பனில் மறுக்கப்பட்ட பேச்சும் அந்த ஆண்டின் ராப் ஆல்பங்களும்

2001 செப்டம்பர் 8, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறிக்கு எதிரான உலக மாநாடு அன்று முடிவடைந்தது. தீண்டாமையை உலகத்தின் முன் வைக்க வேண்டும் என்று மார்ட்டின் மக்வான், ரூத் மனோரமா உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தலித் பிரதிநிதிகள் அங்கே போயிருந்தார்கள். வரைவில் இருந்த, 'தொழில், வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு' பற்றிய பத்தியைக் காப்பாற்றுவதுதான் அவர்களின் பெரும்பாடாக இருந்தது. இந்திய அரசு விடவில்லை. சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று வாதிட்டது. ஆந்த்ரே பெத்தேய் போன்ற பெயர்பெற்ற சமூகவியலாளர்களும் சாதியை இனத்தோடு சேர்ப்பது அறிவியலுக்குப் பொருந்தாது என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். இறுதி ஆவணத்தில் அந்தப் பத்தி இல்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அதன் பிறகு டர்பனைப் பற்றிப் பேச உலகத்துக்கு நேரமில்லை. அடிமை வணிகம் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அந்த மாநாடு ஒப்புக்கொண்டதும், அதற்கு இழப்பீடு வேண்டும் என்ற கறுப்பின மக்களின் கோரிக்கையும், நமது பத்தி நீக்கப்பட்ட அநியாயமும் ஒன்றாகவே அந்தப் புகையில் மறைந்து போயின. மாநாட்டின் பாதியிலேயே, செப்டம்பர் 3 அன்று, அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளிநடப்பு செய்திருந்தன என்பதையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அதே செவ்வாய்க்கிழமை அமெரிக்கக் கடைகளில் ஓர் ஆல்பம் விற்பனைக்கு வந்தது. ஜே-ஸியின் 'தி புளூபிரிண்ட்'. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஒருவர், நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர், தன் வாழ்க்கையைத் தானே சொன்ன ஆல்பம் அது. உலகமே தொலைக்காட்சி முன் உறைந்திருந்த அந்த வாரத்தில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது.

சபையில் நம் பேச்சை மறுத்தால் என்ன, பாட்டில் பதிவாகிவிடும் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். இன்று நம் பிள்ளைகள் ராப் எழுதும்போது அந்த நம்பிக்கையோடுதான் எழுதுகிறார்கள். 2001ஆம் ஆண்டின் ஆல்பங்களை மாத வரிசையில் வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மை என்று தெரிகிறது. பதிவாகிறது, சந்தேகமில்லை. அந்தப் பதிவு யாருடைய சொத்து, அதை யார் ஒலிபரப்புவார்கள், யார் நிறுத்துவார்கள் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

தாய் மீட்ட குரல்

ஹிப்-ஹாப்பின் பிறப்பை 1973 ஆகஸ்ட் 11 என்று கணக்கிடுகிறார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், விரைவுச்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு ஏழைகள் கைவிடப்பட்ட வட்டாரத்தில், சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். அவருடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். 28 ஆண்டுகளில் அந்தத் தெரு இசை அமெரிக்க இசைச் சந்தையின் நடுவுக்கு வந்துவிட்டது.

2001 மார்ச் மாதம் வெளியாகி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஆல்பத்தைப் பாடியவர் உயிரோடு இல்லை. டூபாக் ஷகூர் 1996இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 25. 'அன்டில் தி எண்ட் ஆஃப் டைம்' அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளிலிருந்து உருவானது.

அவருடைய தாய் அஃபேனி ஷகூரை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்தவர். குண்டு வைக்கச் சதி செய்ததாக 21 சிறுத்தைகள் மீது நியூயார்க்கில் தொடரப்பட்ட வழக்கில், வயிற்றில் பிள்ளையோடு தனக்காகத் தானே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலையானார். அடுத்த மாதம் டூபாக் பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1972இல், அதே கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு மும்பையில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் எழுந்தது. அந்தப் பெயர் கடல் கடந்து நம்மிடம் வந்தது தற்செயல் அல்ல. அதற்கும் முன்பே, 1946இல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டு அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். டர்பனுக்குப் போன நம்மவர்கள் அந்தக் கடிதம் போன வழியில்தான் போனார்கள்.

மகன் இறந்த பிறகு அவன் குரல் யாருக்குச் சொந்தம் என்று இசை நிறுவனத்தோடு வழக்காடியவர் அஃபேனி. மீட்ட பதிவுகளை வெளியிட அமாரு என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். சிறைக்கு எதிராக வாதாடிய பெண், கால் நூற்றாண்டு கழித்து ஒலிநாடாக்களுக்காகவும் வாதாட வேண்டியிருந்தது.

சின்சினாட்டியின் ஏப்ரல்

ஏப்ரல் 7 அன்று, ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் 19 வயது டிமத்தி தாமஸ் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையில் ஆயுதம் இல்லை. அவர் மீதிருந்த பிடியாணைகளில் பெரும்பாலானவை போக்குவரத்து விதிமீறலுக்கானவை. 1995 முதல் அந்நகர போலீஸின் கையில் இறந்த 15ஆவது கறுப்பின ஆண் அவர். நகரம் பல நாட்கள் கொந்தளித்தது, ஊரடங்கு போடப்பட்டது. சுட்ட அதிகாரி செப்டம்பர் 26 அன்று விடுவிக்கப்பட்டார். கோபுரங்கள் விழுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நாடே சீருடைக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தீர்ப்பு வந்தது.

அந்த ஆண்டு அமெரிக்கச் சிறைகளில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இருந்தார்கள். மக்கள்தொகையில் சுமார் எட்டில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். தண்டனைக் கைதிகளில் அவர்கள் பாதியை நெருங்கினார்கள். ராப் பாடல்களில் போலீஸும் சிறையும் ஏன் இத்தனை முறை வருகின்றன என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். நம் பாட்டில் ஏன் எப்போதும் அடியும் அழுகையும் என்று நம்மைக் கேட்பவர்களும்தான்.

கருவி வந்தது, ஆள் வரவில்லை

மே மாதம் மிஸ்ஸி எலியட்டின் 'மிஸ் ஈ... ஸோ அடிக்டிவ்' வந்தது. வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண், தானே எழுதி, தானே தயாரிப்பிலும் இறங்கி, ஆண்களின் கோட்டையாக இருந்த ஹிப்-ஹாப்பில் தன் சொல்லுக்கு இடம் வாங்கியவர். அந்த ஆல்பத்தில் உலகம் முழுக்க ஒலித்த 'கெட் யுர் ஃப்ரீக் ஆன்' பாடலின் உயிர், டிம்பலாண்ட் பயன்படுத்திய தும்பியின் ஒலி. ஒற்றைத் தந்தி கொண்ட பஞ்சாபிக் கருவி அது.

தும்பி என்றால் பஞ்சாபில் பலருக்கு அமர் சிங் சம்கீலாவின் முகம் நினைவுக்கு வரும். தலித் குடும்பத்தில் பிறந்து, தொழிற்சாலைக் கூலியாக இருந்து, ஊர் ஊராகக் கூட்டம் கூட்டிய பாடகர். 1988 மார்ச்சில் நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மிஸ்ஸியின் பாட்டுக்கும் சம்கீலாவுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு கருவியின் ஒலி கடல் தாண்டி உலகச் சந்தைக்குப் போகிறது, அதை வாசித்துச் செத்தவனின் பெயர் கூடவே போவதில்லை. பறை மேடையேறும்போது பறையடித்தவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

அப்பா பாட்டுக்கு மகன் கட்டிய காசு

மீண்டும் 'புளூபிரிண்ட்'டுக்கு வருவோம். கான்யே வெஸ்ட்டும் ஜஸ்ட் பிளேஸும் பெரும் பங்கு இசையமைத்த அந்த ஆல்பம் 1960களின், 70களின் சோல் பாடல் துண்டுகளின் மேல் கட்டப்பட்டது. ஜாக்சன் ஃபைவ், பாபி பிளாண்ட் போன்றவர்களின் குரல்கள் உள்ளே ஒலிக்கின்றன. பெற்றோர் வீட்டில் கேட்ட பாட்டைப் பிள்ளை எடுத்துத் தன் கதையைச் சொல்கிறான். நம் ஊரில் ஒப்பாரி மெட்டு கானாவுக்குள் போவதைப் போன்ற வேலை இது.

ஆனால் இந்த வேலைக்கு விலை உண்டு. 1991இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பழைய பாட்டின் துண்டை எடுக்க உரிமையாளரின் அனுமதியும் பணமும் கட்டாயமாகின. உரிமையாளர் பெரும்பாலும் பாடியவர் அல்ல, நிறுவனம். தன் சமூகத்தின் நினைவை எடுத்துப் பாடவே காசு கட்ட வேண்டும். கையில் காசுள்ளவரால்தான் தாராளமாக எடுக்க முடியும். ஜே-ஸி இதை அறியாதவர் அல்ல. கோல்ட் க்ரஷ் என்ற முன்னோடிக் குழுவுக்கு நடந்த அநியாயத்துக்காகத்தான் தான் இன்று கூடுதல் விலை வாங்குவதாக இந்த ஆல்பத்திலேயே சொல்கிறார். அவருக்கும் நண்பர்களுக்கும் சொந்தமான ராக்-அ-ஃபெல்லா நிறுவனத்தின் பங்கோ டெஃப் ஜாம் வழியாக யுனிவர்சலிடம் போயிருந்தது. அன்று உலக இசைச் சந்தையைக் கையில் வைத்திருந்த ஐந்து பெரும் நிறுவனங்களில் ஒன்று அது.

மாற்றப்பட்ட அட்டை

ஓக்லாந்தைச் சேர்ந்த 'தி கூ' குழுவின் 'பார்ட்டி மியூசிக்' நவம்பரில் வந்தது. பூட்ஸ் ரைலி வெளிப்படையான கம்யூனிஸ்ட். குழுவின் டிஜே பாம் தி ஃபங்க்ஸ்ட்ரெஸ் என்ற பெண். அந்த ஆல்பத்துக்காக, தாக்குதலுக்குச் சில மாதங்கள் முன்பே தயாரான அட்டையில் இரட்டைக் கோபுரங்கள் வெடித்துச் சிதற, முன்னால் இருவரும் இசைக்கருவிகளோடு நிற்பார்கள். முதலாளித்துவத்தை இசை தகர்ப்பதற்கான உருவகம் அது என்று ரைலி சொன்னார். செப்டம்பர் 11க்குப் பிறகு யார் கேட்பார்கள்? அட்டை நிறுத்தப்பட்டது. பழைய அட்டைதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. உள்ளே கூலி, வாடகை, போலீஸ், முதலாளி பற்றி இருந்த பாடல்களைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சும் இல்லை.

வானொலியிலும் இதே கதைதான். 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்களையும் வாங்கலாம் என்று வழி திறந்தது. 2001இல் கிளியர் சேனல் நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. தாக்குதலுக்குப் பின் ஒலிபரப்பத் தகாத பாடல்கள் என ஒரு பட்டியல் அந்த நிறுவனத்துக்குள் சுற்றியது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் எல்லாப் பாடல்களும் அதில் இருந்தன. அரசு தடை போட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அதே ஆண்டு, பெருவில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்த இம்மார்ட்டல் டெக்னிக் தன் முதல் ஆல்பத்தை எந்த நிறுவனமும் இல்லாமல் வெளியிட்டார். நியூயார்க் தெருக்களில் நின்று கையாலேயே விற்றார். சிறைக்குப் போய் வந்தவர் அவர். ஜே-ஸி ஒரு வாரத்தில் விற்றதை அவரால் கனவிலும் விற்க முடியாது. ஆனால் அவர் அட்டையை மாற்றச் சொல்ல யாரும் இல்லை.

நம் பக்கத்துக் கணக்கு

டிசம்பர் 18 அன்று நாஸின் 'ஸ்டில்மேட்டிக்' வந்தது. அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ், வட அமெரிக்காவின் மிகப்பெரிய அரசுக் குடியிருப்பு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், நம்மூர் வாரியக் குடியிருப்புகளைப் போல ஏழைகளை ஓரிடத்தில் அடுக்கி வைத்த இடம். தனக்கு ஒரே ஒரு மைக் போதும் என்ற கருத்தில் ஒரு பாட்டு அதில் உண்டு. டர்பனில் அந்த ஒரு மைக் கிடைக்காதவர்கள் நாம்.

ஆனால் அதே ஆல்பத்தில் பெரிதாகப் பேசப்பட்டது ஜே-ஸியைத் தாக்கும் 'ஈதர்'. ஜே-ஸி தன் ஆல்பத்தில் நாஸைத் தாக்கியதற்குப் பதில். இரண்டு அரசுக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இழிவுபடுத்தியதை ரசிகர்கள் கொண்டாடினார்கள், நிறுவனங்கள் விற்றன. பெண்களையும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களையும் கேவலப்படுத்தும் சொற்கள்தான் அந்தச் சண்டையின் ஆயுதம். ஒடுக்கப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால் அது நியாயமாகிவிடாது. நம் கானா மேடைகளுக்கும் நம் இளைஞர்களின் ராப்புக்கும் இதே அளவுகோலை நாம் வைக்க வேண்டும். இசைத்தட்டைச் சுழற்றிய அண்ணனைத் தந்தை என்கிறார்கள், விருந்து நடத்திய தங்கையைப் பலரும் மறந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

டர்பனில் கதவு மூடப்பட்டாலும் வழக்கு முடியவில்லை. 2002 ஆகஸ்டில் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் தெளிவாக எழுதியது. நம்மவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை, அடுத்த வாசலைத் தட்டினார்கள். 'புளூபிரிண்ட்'டும் 2019இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டது. குடியிருப்புப் பிள்ளையின் வாழ்க்கை அரசு ஆவணமானது.

2018இல் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ஒன்றாக நின்றன. அங்கிருந்து வந்த தெருக்குரல் அறிவு, தோட்டத் தொழிலாளியான தன் பாட்டியின் கதையை உலகமே பாடும்படி செய்தார். 2021இல் அந்தப் பாட்டின் புகழை ஓர் இசைப் பத்திரிகை அட்டையில் கொண்டாடியபோது அதில் அவர் முகம் இல்லை. நாம் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்கு அட்டை வந்தது.

ஆகவே எழுதும் தம்பி தங்கைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். பாடுங்கள். கையெழுத்து போடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். யார் எழுதியது, யார் மெட்டு, யார் அடித்தது என்று ஒவ்வொரு பாட்டோடும் பெயர்களைப் பதிவு செய்யுங்கள். மூலப் பதிவின் ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மூத்த கலைஞர்களின் குரலை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் பெயரிலேயே ஒலிப்பதிவு செய்வோம். அஃபேனி நீதிமன்றம் ஏறி மீட்டதை நம் தாய்மார்களும் மீட்க வேண்டிய நிலை வர வேண்டாம்.

ஜெய்பீம்.